கல்லூரிப் பாதுகாப்பு அறிக்கை: 5க்கு 2 நட்சத்திரம்

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்குக் காசு கேட்காமல் கிடைக்கிற பொருட்கள் ரொம்பக் குறைவு. அதில் ஒன்று ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கை. மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் வருடா வருடம் அக்டோபர் 1க்குள் இதை வெளியிட்டே ஆகவேண்டும். கல்லூரி வலைத்தளத்தில் ஏதோ ஒரு மூலையில் பிடிஎஃப்பாகக் கிடக்கும். நான் பார்த்தவை எல்லாம் நூறு பக்கத்தைத் தாண்டியவை. தீயணைப்பு விவரத்தையும் இதோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள்.

நான் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். பொருள் நன்றாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்பது எங்கள் பழக்கமில்லை. ஒரு குறிப்பிட்ட நிலைமையை எடுத்துக்கொண்டு, அதில் போட்டு அழுத்தினால் தாங்குமா என்று பார்ப்போம். இந்த அறிக்கைக்கு நான் எடுத்துக்கொண்ட நிலைமை இதுதான்: ஒரு மாணவி, கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை) ஆட்டக்காரன் மேல் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுக்கிறாள். அந்தப் புகார் யார் கைக்குப் போகும், என்ன ஆகும்?

ஏன் குறிப்பாக ஃபுட்பால் என்று கேட்கலாம். நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. இங்கே சனிக்கிழமை என்றால் கல்லூரி ஃபுட்பால்தான். என் வீட்டுக்காரர் திருநெல்வேலியில் கிரிக்கெட் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர்; இப்போது கோச்சின் சம்பளம் எத்தனை மில்லியன் என்று வாயில் வைத்திருக்கிறார். அவ்வளவு பணம் புரளும் ஒரு துறையின் ஆள் மேல் புகார் வந்தால், மற்ற மாணவன் மேல் வந்த புகாரைப் போலவே நடத்துவார்களா என்பது நியாயமான சந்தேகம்தானே. எங்கள் ஊர்த் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் இதைக் கேட்டேன். விடுதிச் சாப்பாடு, தரவரிசை, இன்டர்ன்ஷிப் பற்றி இரவு பன்னிரண்டு வரை பேசுகிற குழு, அன்றைக்கு ஒரே அமைதி. ஒருத்தி மட்டும் தனியாக எழுதினாள்: "அக்கா, நம்ம பிள்ளைங்க கேம் பார்க்கப் போறதோட சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு?" கேம் முடிந்து பார்ட்டி எங்கே நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதலில் பொருளின் கதை. 1986இல் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொலை செய்யப்பட்டார். வளாகத்தில் என்னென்ன குற்றங்கள் நடந்தன என்று யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்பது அவருடைய பெற்றோரின் ஆற்றாமை. அவர்கள் போராடியதால் 1990இல் வந்ததுதான் கிளெரி சட்டம். ஆக, இது பெற்றோர் கேட்டு வாங்கிய பொருள். அந்த மரியாதை எனக்கு உண்டு. நட்சத்திரத்தைக் கூட்டிக் கழிக்கும்போது அதை மறக்கவில்லை.

சரி, அறிக்கையில் இருக்கும் குற்ற எண்ணிக்கை அட்டவணைக்கு வருவோம். மூன்று வருட எண்ணிக்கை வரிசையாக இருக்கும். பாலியல் வன்புணர்வு, தகாத தொடுதல், உறவில் வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை என்று தனித்தனி வரிகள். குறுக்கே நான்கு கட்டங்கள்: வளாகத்துக்குள், மாணவர் விடுதி, வளாகத்துக்கு வெளியே கல்லூரிக்குச் சொந்தமான இடம், ஒட்டியுள்ள பொது இடம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விடுதிக் கட்டத்தில் வரும் எண் ஏற்கெனவே வளாகக் கட்டத்துக்குள் அடங்கியது. இரண்டையும் கூட்டினால் ஒரே சம்பவத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள். கல்லூரிகளை ஒப்பிட்டு எக்ஸெல் போடும் அப்பாக்கள் கவனிக்கவும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். மூன்றாவது கட்டத்தைப் பார்த்ததும், வளாகத்துக்கு வெளியே மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் அபார்ட்மென்டுகளும் அதில் வரும் என்று தோன்றும். வராது. கல்லூரியோ, கல்லூரி அங்கீகரித்த மாணவர் அமைப்போ சொந்தமாக வைத்திருக்கிற அல்லது தன் பொறுப்பில் வைத்திருக்கிற இடம் என்றால்தான் கணக்கு. தெருமுனையில் நாலு பேர் சேர்ந்து எடுத்த தனியார் அபார்ட்மென்டில் நடந்தது இந்தத் தாளில் இல்லை. மாணவி நகரப் போலீசில் புகார் கொடுத்திருக்கலாம், கல்லூரியே விசாரித்துத் தண்டித்தும் இருக்கலாம். அட்டவணையில் மட்டும் ஏறாது. முதல் வருடம் விடுதியில் இருந்துவிட்டு அப்புறம் வெளியே வீடு எடுப்பதுதான் பெரிய கல்லூரிகளில் வழக்கம், ஆட்டக்காரர்களும் அப்படித்தான். நான் தேடி வந்த நிலைமை பெரும்பாலும் நடக்கக்கூடிய இடத்தை இந்த அட்டவணை தொடுவதே இல்லை.

இன்னொன்று, சைபர், அதாவது பூஜ்யம். சைபர் என்று இருந்தால் அப்பாடா என்று மூச்சு விடுவோம். எங்கள் வீட்டிலிருந்து ஐ-35 சாலையில் தெற்கே சில மணி நேரத்தில் வேகோ நகரம். அங்கே பேய்லர் பல்கலைக்கழகம். 2008 முதல் 2011 வரை நான்கு ஆண்டுகளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் மத்திய அரசுக்குக் கொடுத்த கணக்கில் பாலியல் வன்கொடுமை ஒன்றுகூட இல்லை. பதினைந்தாயிரம் பேர் அளவுக்குப் படிக்கிற இடம். எங்கள் வேலையில் ஒரு சோதனையும் தோற்கவில்லை என்று அறிக்கை வந்தால், சோதனை ஓடியதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

பேய்லரில் ஓடவில்லை என்று பிறகு தெரிந்தது. அங்கே முன்பு ஆடிய ஒரு ஃபுட்பால் வீரருக்கு 2014 ஜனவரியில் பாலியல் வன்கொடுமை வழக்கில் 20 ஆண்டுச் சிறை. 2015இல் இன்னொரு வீரருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோது விஷயம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கல்லூரி, பெப்பர் ஹாமில்டன் என்ற சட்ட நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னது. 2016 மே மாதம் வெளிவந்தது 13 பக்கச் சுருக்கம் மட்டும்தான். முழு அறிக்கை என்று எழுத்தில் ஒன்றும் வெளியே வரவில்லை. அந்த 13 பக்கமே போதும், வயிற்றைக் கலக்கும். ஃபுட்பால் பிரிவு தன் ஆட்டக்காரர்களின் ஒழுங்கு நடவடிக்கையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. மாணவர் ஒழுங்கு விசாரணைக்கோ போலீசுக்கோ போகவேண்டியதைத் திசை திருப்பியது. சில சமயம் கோச்சுகளும் அவர்கள் ஆட்களும் புகார் சொன்ன பெண்ணையோ அவள் பெற்றோரையோ நேரில் பார்த்துப் பேசினார்கள். பேசியதை அதற்கென்று உள்ள அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. ஃபுட்பால் விதிகளுக்கு மேலே என்ற எண்ணம் வளாகத்தில் நிலைத்ததற்கு இதுவும் காரணம் என்று விசாரித்தவர்களே எழுதினார்கள்.

இந்த இடத்தில் இரண்டு தேதிகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் கடைசியில் பேய்லர் 266 மில்லியன் டாலரில் கட்டிய மெக்லேன் ஃபுட்பால் மைதானத்தைத் திறந்தது. பாலியல் புகார்களைக் கவனிக்கும் டைட்டில் நைன் பொறுப்புக்கு முழுநேர ஆளை முதன்முதலாக வேலைக்கு எடுத்தது அதே ஆண்டு நவம்பரில். டைட்டில் நைன் என்பது கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம், வந்தது 1972இல்.

அப்புறம் தலைமைக் கோச் ஆர்ட் பிரைல்ஸ் போனார், தலைவர் கென் ஸ்டார் பதவி இழந்தார், விளையாட்டுத் துறை இயக்குநர் ராஜினாமா செய்தார். 2011இலிருந்து 17 பெண்கள், 19 ஆட்டக்காரர்கள் மேல் சொன்ன புகார்கள் உண்டு என்று நிர்வாகக் குழுவினரே பிறகு ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பாதுகாப்பு அறிக்கைச் சட்டத்தை மீறியதற்காக மத்தியக் கல்வித் துறை 2020இல் பேய்லருக்குப் போட்ட அபராதம் 4,61,656 டாலர். மைதானச் செலவில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் ஆறவே ஆறாத விஷயம், கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ 2021 ஆகஸ்டில் சொன்ன முடிவு. பாலியல் வன்முறைப் புகார்களைச் சொல்லாமல் விட்டது தங்கள் விதிப்படி குற்றமாகாது என்றது. காரணம்? ஆட்டக்காரருக்கு மட்டும் கிடைத்த தனிச் சலுகை என்றால்தான் அவர்கள் விதி பாயும். பேய்லரில் புகாரை அழுத்தியது வளாகம் முழுக்க இருந்த வழக்கம், ஆகவே ஆட்டக்காரருக்குத் தனிச் சலுகை இல்லை. மனமில்லாமல்தான் இப்படிச் சொல்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். வேறு சில சில்லறை மீறல்களுக்கு நான்கு ஆண்டு கண்காணிப்பு, 5,000 டாலர் அபராதம். என் மகளின் ஒரு செமஸ்டர் விடுதி வாடகை அதைவிடப் பெரிதாக இல்லாவிட்டாலும் கிட்டே வரும்.

எல்லாக் கல்லூரியும் இப்படி என்று எழுதினால் அநியாயம். 2013 ஜூனில் டென்னசியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஊழியர்கள் வேறு ஒரு காரணத்துக்காக விடுதிக் கேமராப் பதிவைப் பார்க்கப் போய், நினைவில்லாத ஒரு பெண்ணை ஆட்டக்காரர்கள் தூக்கிச் செல்வதைக் கண்டார்கள். மூடி மறைக்கவில்லை. போலீசுக்குப் போனது. சில நாளில் ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் அணியிலிருந்து நீக்கம், பின்னால் மூன்று பேருக்குச் சிறைத் தண்டனை.

மினசோட்டா நடுவில் நிற்கும் கதை. 2016 செப்டம்பரில் ஒரு ஆட்டக்காரரின் அபார்ட்மென்டில் நடந்ததாகப் புகார். அரசு வழக்கறிஞர் வழக்குப் போடவில்லை. கல்லூரி தனியாக விசாரித்து டிசம்பரில் பத்துப் பேரை விலக்கி வைத்தது. கோர்ட்டுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். கல்லூரிக்கு, நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் போதும். இந்த வித்தியாசம் வெளியே யாருக்கும் புரியவில்லை. மொத்த அணியும் பயிற்சிக்கு வரமாட்டோம் என்று நின்றது. கோச் டிரேசி கிளேஸ் பையன்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்று ட்விட்டரில் எழுதினார். கல்லூரியின் விசாரணை அறிக்கை டிவி நிலையம் வழியாக வெளியாகி அணிப் பையன்களே படித்த பிறகு இரண்டு நாளில் புறக்கணிப்பு முடிந்தது. பருவக் கடைசியில் வரும் ஹாலிடே பவுல் ஆட்டத்துக்குப் போய் ஜெயித்தும் வந்தார்கள். ஜனவரியில் கோச் வேலை போயிற்று. பிறகு கல்லூரியில் நடந்த விசாரணைகளில் சிலர் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் விடுவிக்கப்பட்டார்கள். விடுவிக்கப்பட்டவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள் என்பது இதைப் படித்தபோது மண்டையில் ஓடாமல் இல்லை. முறையான விசாரணை அந்தப் பையனுக்கும்தான் தேவை.

அறிக்கையை வைத்து இவ்வளவுதான் என்று ஆனதும் சேவை எப்படி என்று பார்க்க நேரில் கேட்டேன். மகளுக்கு இடம் கிடைத்த கல்லூரி, பெயர் வேண்டாம். பெற்றோர் ஓரியன்டேஷன் அன்று சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே வரிசையாக மேஜைகள். வங்கி, பார்க்கிங், விடுதிக்குப் படுக்கை விரிப்பு விற்கிறவர்கள், கடைசியில் டைட்டில் நைன் அலுவலகம். அங்கே மட்டும் கூட்டம் இல்லை. இருந்த பெண் நல்ல மாதிரி. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்த அட்டை ஒன்று கொடுத்தாள். ஆட்டக்காரர் மேல் புகார் வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். எல்லா மாணவரையும் ஒரே மாதிரி நடத்துவோம் என்றாள். அது மனப்பாடப் பதில். கேள்வியை மாற்றிப் போட்டேன்: ஒரு பெண் நேராகக் கோச்சிடம் போய்ச் சொன்னால், கோச் அடுத்த ஃபோனை யாருக்குப் போடவேண்டும்? இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. "எங்களுக்கு. உடனே. தானே விசாரிக்கக் கூடாது, டெக்சாஸில் சொல்லாமல் விட்டால் கிரிமினல் குற்றம், வேலையும் போகும்."

உண்மைதான். 2020 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கும் டெக்சாஸ் சட்டம் அது. பேய்லர் கதைக்குப் பிறகு வந்த நல்லவற்றில் ஒன்று. இதே கேள்வியைத்தான் 2014இல் மிசௌரி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் நாடு முழுக்க 440 கல்லூரிகளிடம் கேட்டார். ஆட்டக்காரர் மேல் பாலியல் புகார் வந்தால் அதை மேற்பார்வையிடும் பொறுப்பை விளையாட்டுத் துறையிடமே கொடுத்திருக்கிறோம் என்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கல்லூரிகள் கூச்சமில்லாமல் பதில் எழுதின. மாமியார் மேல் வந்த புகாரை மாமனார் விசாரிப்பது மாதிரி.

மேஜையில் கிடைத்த நல்ல அனுபவம் ஃபோனில் கிடைக்கவில்லை. காந்த அட்டையில் இருந்த எண்ணுக்கு அடித்தால் குரல் பதிவு. செய்தி விட்டேன். அடுத்த வாரம்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அவசரமில்லை, பரவாயில்லை. அவசரத்தில் கூப்பிடுகிற பதினெட்டு வயதுப் பெண் இரண்டாவது தடவை முயற்சி செய்வாளா? லூசியானாவில் எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தை 2021இல் விசாரித்த சட்ட நிறுவனமும் முதலில் சுட்டியது இந்த மாதிரி ஆள் பற்றாக்குறையைத்தான். அங்கே விளையாட்டுத் துறை அதிகாரிகள் இரண்டு பேருக்குக் கிடைத்தது சம்பளமில்லாத சில வார இடைநீக்கம்.

டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு மாற்றுப் பொருள் சொல்கிறேன். அதே 2020 சட்டப்படி இங்கே ஒவ்வொரு கல்லூரித் தலைவரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது இன்னொரு அறிக்கையை வலைத்தளத்தில் போடவேண்டும். சில பக்கம்தான். ஊழியர்களிடமிருந்து எத்தனை புகார் வந்தது, எத்தனை விசாரணை நடந்தது, முடிவு என்ன, எத்தனையில் ஒழுங்கு நடவடிக்கை வேண்டாம் என்று விட்டார்கள், சொல்லாமல் மறைத்த ஊழியர் யாராவது தண்டிக்கப்பட்டாரா என்று இருக்கும். நூறு பக்கத்தைவிட இந்தச் சில பக்கம் எனக்கு அதிகம் சொன்னது. இதிலும் ஆட்டக்காரர் என்று தனிவரி கிடையாது. வேண்டாம் என்று விட்ட எண் வந்த புகாரில் பெரும்பங்காக இருந்தால் பதறவேண்டாம், பல பெண்கள் விசாரணை வேண்டாம், ஆலோசனை போதும் என்பார்கள். ஆனால் ஏன் என்று கேட்கிற உரிமை பெற்றோருக்கு உண்டு.

வளாகப் போலீஸ் வைத்திருக்கும் தினசரிக் குற்றப் பதிவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கிளெரி சட்டம் கொடுத்த உரிமை அது. நான் கேட்டதும் அலுவலகத்தில் இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு வரியில் நடந்த தேதி செப்டம்பர், புகார் வந்த தேதி மார்ச். இடம்: விடுதி. நிலை: மூடப்பட்டது. அவ்வளவுதான். இடையில் போன ஆறு மாதத்தை அந்த வரியின் மேல் வைத்து யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஆட்டக்காரர்கள் ஒரு கல்லூரியில் பிரச்சினை என்றால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்வதும் உண்டு. அதற்காக எஸ்இசி என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு 2015இலேயே, கடுமையான தவறுக்காக நீக்கப்பட்டவரைச் சேர்க்கக் கூடாது என்று விதி போட்டது. இந்தியானா பல்கலைக்கழகம் 2017இல் பாலியல் வன்முறைத் தண்டனை பெற்றவர்களை அணியில் எடுக்கமாட்டோம் என்றது. இப்போது என்சிஏஏ, ஆட்டக்காரர்களே வருடா வருடம் பழைய விசாரணை, தண்டனை இருந்தால் எழுதிக் கொடுக்கவேண்டும் என்கிறது. படித்தவுடன் நிம்மதியாக இருக்கும். அந்தத் தாளைப் படித்துவிட்டு ஆளை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மறுபடியும் அதே கல்லூரி.

ஆக, நட்சத்திரம். பொருள் இலவசம், சட்டம் பின்னால் நிற்கிறது, கல்லூரி பொய் சொன்னால் அபராதம் உண்டு (2024இல் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 14 மில்லியன் டாலர்): அதற்கு இரண்டு. அபார்ட்மென்ட் ஓட்டைக்கு ஒன்று கழித்தேன். ஆட்டக்காரர் விவரமே இல்லாததற்கு ஒன்று. சைபரைக் கேள்வி கேட்காமல் அச்சடிக்க விட்டதற்கு ஒன்று.

மகள் அந்தக் கல்லூரிக்கே போகிறாள். படிப்பு நல்ல படிப்பு, அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவள் ஃபோனில் நான் போட்டுக் கொடுத்தது வளாகப் போலீஸ் எண் மட்டுமில்லை, நகரப் போலீஸ் எண்ணும். தனியார் அபார்ட்மென்டில் ஏதாவது நடந்தால் வழக்கு அவர்களுடையது. தடயம் எடுக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்றும் பார்த்து வைத்தோம். பேராசிரியரிடமோ கோச்சிடமோ சொன்னால் அது கட்டாயம் டைட்டில் நைன் அலுவலகத்துக்குப் போய்விடும். பெயர் யாருக்கும் போகாமல் முதலில் பேசவேண்டும் என்றால் கல்லூரி மனநல ஆலோசகர். இந்த வித்தியாசம் அறிக்கையின் 60ஆவது பக்கத்துக்கு அப்பால், பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்தேன்.